அக்கா பேரில் ஆர்ச் வேண்டாம், அண்ணாச்சி

ஊர்க் கமிட்டித் தலைவர் அண்ணாச்சிக்கும், கமிட்டியில் இருக்கும் பெரியவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அக்காமார், மதினிமாருக்கும் வணக்கம். உங்கள் ஊரில் பிறந்து இப்போது பாளையங்கோட்டையில் குடியிருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளை எழுதுகிறேன்.

அக்காவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்தி எல்லாம் எழுந்த பிறகு, பந்தலுக்குள்ளேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுப் பேசினீர்கள். "உங்க அக்கா பேரு ஊர்ல நிக்கணும்மா, பள்ளிக்கூட வாசல்ல ஒரு ஆர்ச் கட்டிருவோம், நாலரை லட்சம் ஆகும், கொத்தனார்ட்ட கேட்டாச்சு" என்று தலைவர் அண்ணாச்சி சொன்னார். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, தலையை ஆட்டினேனா என்றுகூட நினைவில்லை. போன வாரம் சித்தி போனில் பேசும்போது, வாசலில் அளவெடுக்க ஆள் வந்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். அதனால்தான் இந்த மடலை உடனே எழுதுகிறேன். நேரில் வந்து பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன். எழுதினால் முழுசாகச் சொல்ல முடியும், வெளியூரில் இருக்கிற நம் பிள்ளைகளும் படித்துக்கொள்ளலாம்.

முதலில் நன்றி. பீடி சுற்றிப் பிழைத்த, கல்யாணம் கட்டாத, அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு பொம்பளையின் பேரைப் பள்ளிக்கூட வாசலில் எழுத வேண்டும் என்று நம் ஊர் நினைத்தது சின்ன விஷயம் இல்லை. அந்த நினைப்புக்கு நான் காலம் பூராவும் கடன்பட்டவள்.

ஆனால் ஆர்ச் வேண்டாம் அண்ணாச்சி. அதற்குப் பதில், நான் தருகிற பணத்தை வங்கியில் போட்டு, முதலைத் தொடாமல், வருஷா வருஷம் வரும் வட்டியை மட்டும் எடுத்து, ப்ளஸ் டூ முடித்து மேலே படிக்கப் போகிற நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் பிறப்பதற்குள் கிடைக்கிற மாதிரி ஒரு அறக்கட்டளை வைப்போம். அது ஏன் ஜூன் மாதம் என்று கேட்பீர்கள். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அக்காவிடம் ஒரு நோட்டு இருந்தது. பீடிக்கடையில் கொடுக்கிற கணக்குப் புத்தகம் வேறு, இது அவளே காசு கொடுத்து வாங்கிய நாற்பது பக்க நோட்டு. அவள் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது பழைய சேலைக்கு அடியில் கிடைத்தது. பிரித்தால் இன்னும் புகையிலைத் தூள் வாசம் அடிக்கிறது. எழுத்து கோணல் மாணலாக இருக்கும், கூட்டல் மட்டும் ஓரிடத்தில்கூடத் தப்பாது. அதில் 1993 ஜூன் மாதத்துப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: அப்ளிகேசன் 30, போட்டோ 24, பஸ் ரெண்டு பேருக்கு 14, தகரப் பெட்டி 110, தட்டு டம்ளர் 35, பாவாடை தாவணி ரெண்டு செட் 260, ஆஸ்டல் முன்பணம் 600. எல்லா வரிக்கும் எதிரில் எங்கிருந்து பணம் வந்தது என்று எழுதியிருக்கிறாள், சீட்டு, கைமாத்து, கடைசி வாரச் சம்பளம் என்று. அந்த 600 ரூபாய்க்கு எதிரில் "கம்மல்" என்று ஒரே ஒரு வார்த்தை.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்து, திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று சொன்ன வாரம் அது. கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள், விடுதி முன்பணத்துக்குத் தவணை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பணம் தேறவில்லை. அம்மா, "அடுத்த வருசம் பாத்துக்கலாம், இப்ப இவளும் ஒரு சொளவை எடுத்துட்டு உக்காரட்டும்" என்றாள். சொளவு என்றால் பீடி சுற்ற மடியில் வைத்துக்கொள்கிற முறம். அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அக்கா ஒன்றும் பேசாமல் மடியில் இருந்த சொளவை இறக்கி வைத்து, கையைக் கழுவிவிட்டு வெளியே போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கும்போது அவள் காதில் வேப்பங்குச்சி இருந்தது. "ஏட்டி, என்ன பாக்க? பெட்டியை எடுத்து வை" என்றாள். அந்தக் கம்மலை அவள் மீட்கவே இல்லை. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போய் வாங்கிக் கொடுத்த கம்மலை, விசேஷ வீட்டுக்குப் போட்டுவிட்டு வந்து கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவாள். 

இதை எதற்கு இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், என் படிப்பு நின்றுபோகப் பார்த்தது மூன்று வருஷக் கட்டணத்தால் இல்லை, ஜூன் மாதத்து முதல் பத்து நாளால். இன்றைக்கும் நம் ஊரில் அப்படித்தான் இருக்கிறது. அரசாங்கம் ஒன்றும் செய்யாமல் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு மாதம் ரூ.1,000 கொடுக்கிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, நம் ஊரிலேயே எத்தனையோ பிள்ளைகள் வாங்குகிறார்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலத்துறை வகுப்புக்குத் தக்கபடி வருஷத்துக்கு ரூ.1,000 முதல் ரூ.25,000 வரை உதவித்தொகை தருகிறது. முதல் பட்டதாரிக்குச் சலுகை இருக்கிறது. ஆனால் இதில் எதுவும் கல்லூரி வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் கைக்கு வராது. சேர்ந்து, அடையாள அட்டை வாங்கி, கணக்கு எண் கொடுத்து, அப்புறம்தான் வரும். அதற்கு முன்னால் பிரவுசிங் சென்டருக்கும், இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கும், கலந்தாய்வுக்குப் போக அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பஸ்ஸுக்கும், விடுதி முன்பணத்துக்கும், ரெண்டு செட் துணிக்கும் பணம் யார் தருவார்கள்? அந்த நேரத்தில்தான் வீட்டில் "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த அடுத்த வருஷம் வந்து நான் பார்த்ததில்லை. போன வருஷம் நம் கீழத்தெருவில் ஒரு பிள்ளை, கணக்கில் அவ்வளவு நல்ல மார்க் எடுத்த பிள்ளை, இப்போது அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி முனை மடக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு இது ஆகஸ்டில்தான் தெரிந்தது, ஜூனில் தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பேன். ஆறாயிரம் ரூபாய் விஷயம் அண்ணாச்சி, அவ்வளவுதான்.

அக்கா வேலை செய்ததை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். விடிகாலையில் தகட்டை இலை மேல் வைத்துக் கத்தரியால் வெட்டி அடுக்கிவிட்டு, அப்புறம் சொளவை மடியில் வைத்தால் பொழுது சாய்கிற வரைக்கும் அந்தச் சொளவுதான். இலையில் தூளை ஒரு சிட்டிகை நிரவி, உருட்டி, பெருவிரல் நகத்தால் முனையை மடித்து, நூலைச் சுற்றி அறுப்பாள். இதெல்லாம் நாம் மூச்சு விட்டு வாங்குகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பெருவிரல் நகம் கறுத்துத் தேய்ந்து பாதிதான் இருக்கும். இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, தலையில் வைத்து, பீடிக்கடை வரிசையில் போய் நின்றால், நல்லா இல்லை என்று கழித்துப் போடுகிறதைக் குறைத்துக்கொண்டு மீதிக்குத்தான் கூலி. கழித்தது போக எழுதுகிற அந்தக் கூலியில் பிடித்த பி.எஃப். பணம்தான் இப்போது அவள் போன பிறகு நாமினி என்று என் கணக்குக்கு வந்திருக்கிறது. ரூ.2,14,000 சொச்சம். அந்தப் பணத்தை நான் செலவழிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். நானும் வீட்டுக்காரரும் எங்கள் சேமிப்பிலிருந்து மீதியைப் போட்டு அதை ரூ.5,00,000 ஆக்கி வைத்திருக்கிறோம். அதில் ஒரு செங்கல்கூட வாங்கக் கூடாது என்பதுதான் என் கோரிக்கை.

கட்டடம் கட்டினால் பேர் நிற்காது என்று சொல்ல வரவில்லை. நான் தினமும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஆற்றைத் தாண்டித்தான் போகிறேன். தாமிரபரணியில் ஆளும் வண்டியும் ஓடம் பிடித்துக் கடந்து அவதிப்பட்ட காலத்தில், சுலோசன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-இல் திறந்த பாலம் அது. இத்தனை காலம் கழித்தும் அவர் பேரைச் சொல்லித்தான் கண்டக்டர் முதல் காய்கறிக்காரி வரை வழி சொல்கிறோம். ஊருக்குத் தேவைப்பட்டதைக் கட்டினார், பேர் தானாக நின்றது. நம் பள்ளிக்கூடத்துக்கு வாசல் இருக்கிறது, கேட்டும் இருக்கிறது. நிஜமாகவே கட்டடமாகத்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால், அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022-இல் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளித் திட்டம் இருக்கிறது, கழிப்பறை கட்டலாம், சுற்றுச்சுவர் எடுக்கலாம், தலைமையாசிரியரிடம் கேட்டால் என்ன தேவை என்று சொல்லுவார்.

நம் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியாக ஒரு பெண் செத்துப்போனால் அவள் பேரில் சுமைதாங்கி நட்டுவைப்பார்கள். ரெண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். தலைச்சுமையோடு வருகிற யாராக இருந்தாலும், என்ன ஊர், என்ன ஆள் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டுப் போகலாம். சின்ன வயதில் அக்காவோடு விறகுக்குப் போய்விட்டு வரும்போது அப்படி ஒரு கல்லில் நாங்களே இறக்கி வைத்திருக்கிறோம். அவளுக்கு நினைவுச் சின்னம் என்றால் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வருகிறது.

முதலைத் தொடாமல் வட்டியில் தர்மம் நடத்துவது வங்கியில் வேலை பார்க்கிற நான் கண்டுபிடித்த புதுப் பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நமக்குப் பக்கத்திலேயே அம்பாசமுத்திரத்தில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் பழைய கல்வெட்டு இருக்கிறது. வரகுண பாண்டியன் கோயில் செலவுக்கு 290 காசை அன்றைக்கு இளங்கோக்குடி என்று பேர் இருந்த அந்த ஊர்ச் சபையார் கையில் கொடுக்கிறான். முதல் அப்படியே இருக்க வேண்டும், காசுக்கு ரெண்டு கலம் வீதம் வருஷத்துக்கு 580 கலம் நெல் வட்டியாக அளக்க வேண்டும் என்று ஏற்பாடு. கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்த கல்வெட்டுகளில் அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று ஒரு பேர் வரும். ஆடு சாகாமல் இருக்குமா, சாகும். ஆனால் செத்ததுக்குப் பதில் குட்டி ஒன்று மந்தையில் நிற்க வேண்டும், எண்ணிக்கை குறையக் கூடாது, விளக்குக்கு நெய் தவறக் கூடாது. நான் கேட்கிற நிதியும் அந்த மந்தை மாதிரிதான். சபையார் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்.

சரி, இனி காரியத்துக்கு வருகிறேன். நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. செத்தவர்கள் பேரில் நல்ல மனசோடு போட்ட எத்தனையோ டெபாசிட்டுகள் எப்படி அநாதையாகப் போகின்றன என்று பார்த்தவள், அதனால் இதில் கொஞ்சம் கறாராக இருப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன், எந்தப் பள்ளி, எந்த வங்கி என்று சொல்லப் போவதில்லை. தெரிந்த குடும்பம் ஒன்று, 1996-இல் தங்கள் அப்பா பேரில் ஒரு பள்ளிக்கு ரூ.25,000 கொடுத்து, தமிழில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளைக்கு வருஷா வருஷம் பரிசு என்று வைத்தார்கள். நாலு வருஷம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் தலைமையாசிரியர் மாறினார், ரசீது பீரோவில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அடுத்தவருக்குத் தெரியவில்லை, டெபாசிட் முதிர்ந்த பிறகு புதுப்பிக்க ஆள் இல்லை. பத்து வருஷம் யாரும் கேட்காத டெபாசிட்டை வங்கி வைத்துக்கொள்ள முடியாது, 2014-இல் ரிசர்வ் வங்கி உண்டாக்கிய ஒரு நிதிக்கு அது போய்விடும். போனால் திரும்பி வராது என்று இல்லை, உரிய ஆள் கேட்டால் வரும். ஆனால் யார் உரிய ஆள்? கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெற்று, இறந்தும் போயிருந்தார். அந்தக் குடும்பத்துப் பெரிய மகன் ரசீதின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கடைசியில் பணம் வந்தது, ஆனால் நடுவில் எத்தனை வருஷம் அவர் அப்பா பேரை மேடையில் சொல்ல ஆளில்லாமல் போனது என்று அவர் என் முன்னால் உட்கார்ந்து கண் கலங்கினார்.

அதனால் பணம் தலைமையாசிரியர் பேரிலும் இருக்கக் கூடாது, கமிட்டித் தலைவர் பேரிலும் இருக்கக் கூடாது, என் பேரிலும் கூடாது. நான் செத்தால் என் பிள்ளைகளுக்கு வாரிசுப் பிரச்சினையாகிவிடும். ஒரு பொது தர்ம அறக்கட்டளையாகப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, அறக்கட்டளை பேரிலேயே பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்க வேண்டும். (பத்திரம் எழுதுகிறவர்கள் எடுத்ததும் 1882-ஆம் வருஷத்து இந்திய அறக்கட்டளைச் சட்டம் என்று சொல்லுவார்கள். அது குடும்பத்துக்குள் வைக்கிற தனியார் அறக்கட்டளைக்கு வந்த சட்டம், பொது தர்மத்துக்கு அது நேரடியாகப் பொருந்தாது. இதை வக்கீலிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.) அறங்காவலர் ஐந்து பேர். அதில் ரெண்டு பேர் பேரால் வரக் கூடாது, பதவியால் வர வேண்டும்: நம் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக அந்த நேரத்தில் யார் இருக்கிறாரோ அவர், பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாக யார் இருக்கிறாரோ அவர். இப்படி எழுதிவிட்டால் டிரான்ஸ்ஃபர் ஆனாலும் நாற்காலி காலியாகாது. மூன்றாவது, எங்கள் குடும்பத்தில் ஒருத்தர். நாலாவது, நம் பள்ளியில் படித்த பழைய மாணவி ஒருத்தி. ஐந்தாவது ஆளைத்தான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், பீடிக்கடை வரிசையில் நிற்கிற பெண்கள் தங்களுக்குள் பேசி அனுப்புகிற ஒருத்தி. படிக்கத் தெரிய வேண்டும் என்று இல்லை. எந்த வீட்டில் எந்தப் பிள்ளையின் படிப்பு நிற்கப் போகிறது என்று ஏப்ரல் மாதத்திலேயே அந்த வரிசைக்குத் தெரிந்துவிடும், நமக்கு ஆகஸ்டில்தான் தெரியும்.

ரூ.5,00,000-க்கு 7 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ரூ.35,000. பதிவு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும், 15 சதவீதம் வரை சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்பது வருமான வரி விதி. நமக்கு அது தோதாகத்தான் இருக்கிறது. ரூ.5,250-ஐ முதலோடு சேர்த்துவிட்டு, மீதி ரூ.29,750-ஐ ஐந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஆளுக்கு ரூ.5,950. விலைவாசி ஏறுகிற வேகத்துக்கு அந்த 15 சதவீதம் மட்டும் ஈடு கொடுக்காது என்று எனக்குத் தெரியும், வட்டி குறைகிற வருஷமும் வரும். அதற்குத்தான் வெளியில் இருக்கிற நம் பிள்ளைகளைக் கேட்கிறேன், கல்யாணம் காட்சி, பிள்ளை பிறந்தது, வீடு பால் காய்ச்சியது என்று எதற்காவது ஆயிரமோ ஐநூறோ முதலில் சேருங்கள். நன்கொடை கொடுக்கிறவர்களுக்கு வருமான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) கிடைக்க விண்ணப்பிப்போம். அது கிடைத்தாலும் ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடைக்காது, கணக்கில் போடுவதுதான் எல்லாருக்கும் நல்லது. துபாயில், மஸ்கட்டில் இருக்கிற தம்பிமார் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கிறவரை வங்கி வழியாகத் தாராளமாக அனுப்பலாம். சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிவிட்ட நம் மாமா, சித்தப்பாமார் மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும், அந்த அளவுக்கு நாம் பெரிய ஆட்கள் இல்லை. அவர்கள் ஊருக்கு வரும்போது பிள்ளைகளைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனாலே போதும்.

இப்போது கொஞ்சம் கசப்பான பேச்சு. நம் கமிட்டிப் பணத்தை ஊருக்குள்ளேயே மாதம் நூற்றுக்கு ரெண்டு வட்டிக்கு விடுகிற வழக்கம் இருக்கிறது, கோயில் கொடைச் செலவே அந்த வட்டியில்தான் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். "வங்கியில வருசத்துக்கு ஏழு வட்டி எதுக்கு, இங்க விட்டா மூணு மடங்கு வரும்லா" என்று யாராவது கட்டாயம் கேட்பீர்கள். கணக்கு சரிதான். ஆனால் அறக்கட்டளைப் பணத்தை வங்கி, தபால் அலுவலகம், அரசுப் பத்திரம் மாதிரி சட்டம் சொல்லியிருக்கிற இடங்களில்தான் போடலாம், கைமாற்றாக விட்டால் வரிவிலக்கு போய்விடும். அதைவிட, வட்டி கட்ட முடியாமல் நம் ஊரில் ஒருத்தி அக்கா பேரிலான நிதியைப் பார்த்துத் தெருவில் ஒளிந்து நடக்கிற நாள் வரக் கூடாது. அக்கா பத்து வட்டிக்கு வாங்கிக் கட்டியவள், அந்த நோட்டில் அதற்கும் பக்கம் இருக்கிறது.

இன்னொன்று, தெரு. அறக்கட்டளைப் பத்திரத்தில் சாதி பேர் ஒரு இடத்திலும் வரக் கூடாது. நம் கமிட்டி எந்தத் தெருவுக்கான கமிட்டி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் காலனியிலும் ஒரே கடையின் இலையைத்தான் சுற்றுகிறார்கள், ஒரே தூளைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள், ஒரே பள்ளியில்தான் பிள்ளைகள் ப்ளஸ் டூ எழுதுகிறார்கள். அக்கா கடைசி ரெண்டு வருஷம் மூச்சு வாங்கிக் கிடந்தபோது, தினமும் அவள் பங்கு இலையை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனது காலனி அக்காதான். உறவுக்காரப் பிள்ளைக்கு முதல் உரிமை என்று யாரும் கேட்கவும் கூடாது, என் தம்பி மகளாகவே இருந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். இதில் கமிட்டிக்குச் சம்மதம் இல்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் பள்ளியோடு மட்டும் பேசி நடத்திக்கொள்கிறேன், உங்கள் மேல் வருத்தம் வைக்க மாட்டேன். சம்மதம் என்றால் எனக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

நோக்கத்தை எழுதும்போது ஒரு வாசகம் யோசித்து வைத்திருக்கிறேன். பீடி சுற்றும் வீட்டுப் பெண்பிள்ளை என்று மட்டும் எழுதினால், முப்பது வருஷம் கழித்து நம் ஊரில் பீடித் தொழிலே இல்லாமல் போகலாம், போகட்டும், போக வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தையே பணத்தைக் கட்டிப்போட்டுவிடும். பொது அறக்கட்டளையின் நோக்கத்தை நினைத்தபடி திருத்த முடியாது, கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருக்கும். அதனால் "பீடி சுற்றும் குடும்பத்துப் பெண்கள், அப்படி யாரும் இல்லாத காலத்தில் கூலி வேலை செய்யும் எந்தக் குடும்பத்துப் பெண்களும்" என்று இப்போதே சேர்த்து எழுதிவிடுவோம்.

பணம் கொடுக்கிற விதத்திலும் ஒரு வேண்டுதல் உண்டு. மேடை வேண்டாம், சால்வை வேண்டாம், பிள்ளையின் போட்டோவைப் பெரிதாகப் போட்டு ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டாம். வாங்குகிறவளுக்கும் தலை நிமிர்ந்து நடக்கிற ஊர் வேண்டும் இல்லையா. பரீட்சை முடிவு வந்த வாரமே அறங்காவலர்கள் கூடிப் பேசி, மே மாதம் முடிவதற்குள் பிள்ளையின் கணக்கில் போட்டுவிட வேண்டும். எந்த மார்க்குக்கு மேல் என்று கோடு போட வேண்டாம். முதல் மார்க் வாங்கின பிள்ளைக்குக் கொடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள், இடம் கிடைத்தும் போக முடியாமல் நிற்கிற பிள்ளைக்குத்தான் இந்தப் பணம். கணக்கை மட்டும் எல்லாருக்கும் தெரியும்படி வைக்கலாம். மே 1 கிராம சபை நடக்கிறது, உழைப்பாளர் தினம், ஊராட்சித் தலைவர் அனுமதித்தால் அன்றைக்கு ஐந்து நிமிஷம், போன வருஷம் வட்டி எவ்வளவு வந்தது, எத்தனை பிள்ளைகளுக்குப் போனது, முதல் எவ்வளவு இருக்கிறது என்று பேர் சொல்லாமல் தொகையை மட்டும் வாசித்துவிடலாம். அதை அந்த ஐந்தாவது அறங்காவலர், பீடிக்கார அக்கா எழுந்து சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் வீட்டுக்காரரும் ஊருக்கு வருகிறோம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லியிருக்கிறார். வக்கீல் எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகல் பத்துப் பிரதி கொண்டுவருவேன். படித்துப் பார்த்து எந்த வரி பிடிக்கவில்லை என்றாலும் அங்கேயே அடித்துத் திருத்துவோம். கொத்தனாருக்கு அளவெடுத்த கூலி கொடுக்க வேண்டியிருந்தால் அதை நான் கொடுத்துவிடுகிறேன், அவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம்.

அக்காவின் நோட்டையும் எடுத்து வருகிறேன். 1993 ஜூன் பக்கத்தை மதினிமார் ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் பின்பக்கம் பாதி நோட்டு காலியாகக் கிடக்கிறது. முதல் வருஷக் கணக்கை அதிலேயே எழுதிக்கொள்ளலாமா என்று உங்களிடம் கேட்க நினைத்தேன்.

இப்படிக்கு,
பீடிக்கார அக்காவின் தங்கச்சி